தலைவர் கிளம்பும் நேரம்

2004. டெக்சஸ், இர்விங் அலுவலகத்தில் தினமும் மாலை ஆறு மணிக்கு, நெட்வொர்க் இன்ஜினியர் ஜுஹைர் காரை எடுத்துக்கொண்டு கிளம்பியதும், நெட்வொர்க் ஐம்பது நொடி நின்றுபோகும்.

“சென்னை கால் டெய்லி கட் ஆகுது. இன்னிக்கும் ஆச்சுன்னா உன் கிரீன் கார்டை மறந்துடு,” என்றார் ஜுஹைரிடம் டைரக்டர் சேஷாத்ரி.

கம்ப்யூட்டர்களை இணைக்கும் ஸ்விட்ச் பெட்டிகளுக்கு நடுவே இரண்டு வழி இருந்தால் தகவல் சுற்றிச் சுற்றியே நெட்வொர்க்கைக் கவிழ்த்துவிடும். அதனால் அவை தமக்குள் ஒரு தலைவரைத் தேர்ந்தெடுத்து, உபரி வழியை அடைத்து வைக்கும். தலைவர் காணாமல் போனால் அடுத்தவரைத் தேர்ந்தெடுத்து முடிக்க ஐம்பது நொடி ஆகும். ஒவ்வொன்றுக்கும் உள்ள எண்ணில் குறைந்ததே தலைவர், தகுதி தேவையில்லை. சேஷாத்ரி டைரக்டரானதும் ஏறக்குறைய அப்படித்தான்.

ஜுஹைர் அலுப்போடு திரையில் பார்த்தான். ஐந்து ஸ்விட்ச்களும் தலைவர் என்று காட்டியது ஆறாவது ஒன்றின் எண்ணை. பழசென்று மார்ச்சில் கழற்றிய ஸ்விட்ச் அது. நெட்வொர்க் பரீட்சைக்குப் பழகலாமென்று அவன்தான் கார் டிக்கியில் போட்டு வைத்திருந்தான். கரண்ட் இல்லை, கேபிளும் இல்லை.

பார்க்கிங்குக்குப் போய் டிக்கியைத் திறந்தான். பச்சை விளக்கு நிதானமாகச் சிமிட்டிக்கொண்டிருந்தது.

மெல்ல மூடிவிட்டு மனைவிக்கு போன் செய்தான். “ஷஹீமா, இனிமே பஸ்லதான் வருவேன். கார் இங்கயே நிக்கட்டும்.”

“ஏங்க, ரிப்பேரா?”

“இல்ல. அதுக்கு இங்க வேலை இருக்கு.”