தூண்டில்காரர்களின் கடல்

ஆழ்கடலில் ஒரு பகுதியை அரசாங்கம் மூடப்போகிறது என்றதும், பொழுதுபோக்குக்கு மீன்பிடிக்கும் சங்கத்தார் சங்க அறைக்கு வந்த அதிகாரியைச் சூழ்ந்துகொண்டார்கள். மூடிவிட்டால், அவர்களை ஏற்றிப்போகும் என் படகுக்குப் பிழைப்பில்லை.

"ஏசி ரூம்ல உட்கார்ந்து எங்க மீனை எண்ணினியா?" என்றார் தலைவர்.

"நாங்க எண்ணலை. உங்க சங்கப் பதிவேட்டுல நீங்களே எழுதினது. ஒரே வருஷத்துல நாலாயிரம் மீன். இப்படி அள்ளினா கடல்ல என்ன மிஞ்சும்?"

ஏட்டில்தான் நாலாயிரம். பாதி நாள் வெறும் பெட்டியோடுதான் நாங்கள் கரையேறியிருக்கிறோம்.

"எழுதினது பொய்னு கையெழுத்துப் போடுங்க. மூடலை" என்றார் அதிகாரி.

நான் பேனாவை நீட்டினேன். தலைவர் அந்தக் கணக்கைக் காட்டி வாங்கி அலமாரியில் வைத்திருந்த தன் முதல்பரிசுக் கோப்பைகளைப் பார்த்தார். பேனாவைத் தட்டிவிட்டார்.

"மூடிக்கய்யா உன் கடலை. நாங்க பிடிச்சது பிடிச்சதுதான்."

என்னைத் தவிர அத்தனை பேரும் கைதட்டினார்கள்.