வாசலில் மூன்று பிள்ளைகள்

"ஐயோ, என் அப்பா!"

மாஸ்கோவில், கிரேன் உச்சியிலிருந்த சின்ன அறைக்குள் உட்கார்ந்து சாகின் ஓங்கி அழுதான்.

அப்பா இறந்தால் பிள்ளைகள் வாசலில் தடியூன்றி வரிசையாக நின்று, துக்கத்துக்கு வருகிறவர்களைப் பார்த்து அலற வேண்டும். கிர்கிஸ் வழக்கம் அது. சாகினுக்கு லீவு கிடைக்கவில்லை. ஊரில் பக்கத்து வீட்டுத் தெமிர் மாமா ஒரு தடியில் செல்போனைக் கட்டி, மேலே கம்பளித் தொப்பியை மாட்டி, வாசலில் நட்டுவைத்துவிட்டார்.

வந்தவர்கள் தடியைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். சாகினுக்கு அவர்களின் சட்டைப் பொத்தான்கள்தான் தெரிந்தன.

"சத்தம் பத்தல மாப்ளே! உங்க அண்ணன் எப்படி அழுறான், கேளு" என்றார் மாமா.

ஒரு பக்கம் அண்ணன் எர்மெக்கின் குரல், மறுபக்கம் தம்பி குபாத்தின் குரல். தான் ஒருவன்தான் போகவில்லை என்று சாகின் கூனிக்குறுகினான்.

கூட்டம் ஓய்ந்தது. "மாமா, என்னைக் கொஞ்சம் திருப்புங்க. அண்ணன் முகத்தைப் பாத்து மன்னிப்புக் கேக்கணும்."

"வேணாம்டா. நீ இப்படியே நில்லு."

"திருப்புங்க மாமா!"

மாமா தடியைப் பிடுங்கி, வரிசைக்கு எதிரே பிடித்தார்.

அங்கே இரண்டு தடிகள் நின்றன. இரண்டிலும் தொப்பி, இரண்டிலும் செல்போன். ஒன்றில் எர்மெக், இஸ்தான்புல் ஓட்டலில் வெங்காயக் கூடைக்கு முன்னால். இன்னொன்றில் குபாத், கொரியாவின் ஏதோ தொழிற்சாலைக் கழிப்பறையில்.

"டேய், நீயாவது போயிருப்பேன்னு நெனச்சேனேடா!" என்றான் எர்மெக்.

"நானும் உன்னத்தான் நெனச்சேன்ணே" என்றான் சாகின்.

தெருமுனையில் ஒரு கார் திரும்பியது. மாமா அவசரமாகத் தடியைப் பழைய இடத்தில் நட்டார். "ஆள் வருது, அழுங்கடா!"

மூவரும் அழுதார்கள். இந்த முறை சத்தம் பத்தவில்லை என்று மாமா யாரையும் சொல்லவில்லை.