முப்பத்திரண்டு முதுகுகள்

பெனால்டி அடிப்பது எப்படி என்று கோச் நாகேந்திரம் உதைத்துக் காட்டிய பந்து, கோலுக்குப் பின்னால் நிறுத்தியிருந்த, கால்பந்துக் கழக முதலாளி மஜீடின் வான் கண்ணாடியை உடைத்தது. பிடிக்காமல் குனிந்துவிட்டான் என்று கோல்காப்பாளன் தலையில் பழியைப் போட்டார் கோச்.

"பதினொரு பேர் ஆடுற ஆட்டத்துக்கு முப்பத்திரண்டு பேர் என்னத்துக்கு, முதலாளி? பாதிப் பேருக்குப் பந்தைக் கண்டாலே பயம். இவனோட சேர்த்துப் பதினாலு பேரைப் பட்டியலில இருந்து வெட்டிப்போட்டன். கிண்ணம் வேணுமெண்டால் வேற வழியில்லை."

"வெட்டின பேரையெல்லாம் திரும்ப எழுதுங்க, மாஸ்டர்."

"உங்களுக்குக் கிண்ணம் எதுக்கு? முப்பத்திரண்டு ஜேர்சி முதுகில உங்கட புடவைக்கடையின்ர பேர் ஓடினாலே காணும்!"

மஜீட் கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்குவதை நிறுத்தினார்.

"அந்தப் பதினாலு பேரும் சண்டைக்குத் தப்பி வந்த யாழ்ப்பாணத்துப் புள்ளைகள். வெள்ளவத்தை லொட்ஜில ஈக்கிறாங்க. கொழும்புக்கு ஏன் வந்தீங்கண்டு பொலிஸ் கேட்டாச் சொல்ல ஒரு காரணம் வேணும். என்ட கடையில வேல, என்ட டீமில ஆட்டமெண்டு கடிதம் குடுத்தீக்கிறேன். பேரை வெட்டினா உள்ளுக்குப் போடுவான்."

கோச், "அப்ப கோல்கீப்பர் ஏன் குனிஞ்சவன்?" என்று மட்டும் கேட்டார்.

"அங்க மேலால பறந்து வந்த ஒண்டையும் அவன் கையால பிடிச்சதில்ல, மாஸ்டர். குனிஞ்சதாலதான் உசிரோட வந்தீக்கிறான்."