இரண்டாவது குளியல்

"காலைலதான குளிச்சீங்க?"

"வேர்த்துச்சு."

"வேர்த்தா சட்டையோடயா குளிப்பாங்க?"

அவர் கொல்லையில் துவைக்கிற கல்மேல் நின்றபடி மூன்றாவது வாளியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டார். வேட்டி, சட்டை, பனியன் எல்லாம் உடம்போடு ஒட்டிக் கிடந்தன.

அவள் அடுக்களை வாசலில் கரண்டியோடு நின்றாள். மணி பதினொன்று.

மூன்று வாளி.

குழாயில் எட்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வருகிற ஊர். ஆளுக்கு ஒரு வாளி என்று சட்டம் போட்டவரே அவர்தான். வெள்ளிக்கிழமைகளில் அவள் தலைக்குக் குளிக்கும்போது கதவுக்கு வெளியே நின்று, "என்ன, உள்ள கும்பாபிஷேகமா?" என்று கேட்பார்.

இன்றும் வெள்ளிக்கிழமை. அவள் கூந்தல் இன்னும் காயவில்லை.

காலை ஆறு மணிக்கு ஒரு போன் வந்தது. எடுத்துக்கொண்டு சந்துக்குப் போனார். திரும்பி வந்து தப்பான நம்பர் என்றார். தப்பான நம்பரோடு கால் மணி நேரம் பேசியிருந்தார்.

பிறகு, கண்ணாடிக்குக் கால் மாட்டிவருகிறேன் என்று கிளம்பினார். இப்போது கண்ணாடி மதில்மேல் கழற்றி வைத்திருந்தது. உடைந்த காலில் அதே கறுப்பு நூல்.

முன்வாசல் வழியாக வரவில்லை. சந்து வழியாக நேரே கொல்லைக்கு வந்தார். வீட்டில் எதையும் தொடவில்லை. அவளையும்.

இழவு வீட்டுக்குப் போனவர்கள்தான் அப்படி வருவார்கள்.

யார்?

தெருவில் யாரும் சாகவில்லை. செத்திருந்தால் அவருக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்திருக்கும். சங்கரன்கோவில் கொழுந்தனார் நேற்றுதான் போனில் புண்ணாக்கு விலையைப் பற்றி அரை மணி நேரம் புலம்பினார். வேறு யாராக இருந்தாலும் சந்திலிருந்தே குரல் கொடுத்திருப்பார். இன்னார் போயிட்டார், மாத்து வேட்டி எடுத்து வெளிய வை. அதுதான் வழக்கம்.

இன்று அவரே கொடியிலிருந்து ஒரு வேட்டியை உருவிக்கொண்டார்.

அவளிடம் சொல்ல முடியாத சாவு என்று ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

அடுப்பில் குழம்பு பொங்கி வழிகிற சத்தம் கேட்டது. அவள் போகவில்லை.

நாலு வருஷத்துக்கு முன்னால், மகள் தனக்குப் பிடித்தவனோடு போய்ப் பதிவுத் திருமணம் செய்துகொண்ட அன்று, இதே கல்லில்தான் பெற்றவளை உட்காரவைத்துத் தலையில் மூன்று குடம் ஊற்றினார். பிறகு தன் தலையில் மூன்று குடம். செத்தவளுக்கு முழுகுகிற மாதிரி.

"முடிஞ்சிது. இனிமே அவ பெத்தாலும் சரி, செத்தாலும் சரி, நமக்கு முழுக்குக் கிடையாது."

அதற்குப் பிறகு செண்பகா என்ற பெயர் அந்த வீட்டில் புழங்கவில்லை.

முழுக்குக் கிடையாது என்றவர்தான் இப்போது சொட்டச்சொட்ட நிற்கிறார்.

செண்பகா ஸ்கூட்டரில் வேலைக்குப் போய்வருகிறாள் என்று யாரோ சொல்லிக் கேட்டது. புறவழிச் சாலையில். அங்கே லாரிகள் எப்படிப் போகும் என்று இவளுக்குத் தெரியும்.

அவர் திரும்பினார். கண் சிவந்திருந்தது. சோப்பு பட்டுவிட்டது என்று சொல்லலாம். மாடத்தில் சோப்பு காய்ந்து கிடந்தது.

"யாருக்குங்க?" என்றாள். அவளுக்கே கேட்கவில்லை.

நனைந்ததை ஒவ்வொன்றாகப் பிழிந்து கொடியில் போட்டார். அவள்மேல் படாமல் ஒதுங்கி, உள்ளே போய்த் திருநீற்றுத் தட்டை எடுத்தார்.

அவள் கொடியைப் பார்த்தபடி நின்றாள். சட்டை. வேட்டி. பனியன்.

துண்டு இல்லை.

தோளில் துண்டு இல்லாமல் தெருமுனைக்குக்கூடப் போகாத மனுஷன். இழவு வீட்டுக்குப் போய்வந்தால் அதைத்தான் முதலில் நனைப்பார்.

சந்தில் மொபெட் நின்றது. முன்னால் மாட்டியிருந்த பைக்குள் கையை விட்டாள். பாலித்தீன் உறை. அதற்குள் நாலாக மடித்த துண்டு. ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல்.

பிரித்தாள். தோளில் படுகிற பக்கத்தில் ஒரு ரூபாய் அகலத்துக்குக் கறை. ரத்தமோ என்று வெயிலில் பிடித்துப் பார்த்தாள். வெளிறிய மஞ்சள். ஓரம் மட்டும் காய்ந்து மொடமொடத்தது.

மூக்கருகே கொண்டுபோனாள்.

புளித்த பால்.

பச்சைப் பிள்ளை கக்கிய பால்.

மொபெட்டைப் பிடித்துக்கொண்டாள். பிறகு முகம் மொத்தத்தையும் துண்டில் புதைத்துக்கொண்டாள்.

"ஏ, அதத் தொடாத!"

வாசல்படியில் அவர். நெற்றியில் பாதி பூசிய திருநீறு.

"தலைக்குக் குளிச்சிருக்க. விளக்கேத்தணும்லா..."

அதட்டலாகத்தான் ஆரம்பித்தார். முடிவதற்குள் குரல் பிசிறிவிட்டது.

அவள் துண்டை அதே மடிப்பில் மடித்தாள். உறைக்குள் வைத்தாள். உறையைப் பைக்குள் வைத்தாள். அவரைத் தாண்டிக் கொல்லைக்குப் போனாள்.

கல் இன்னும் ஈரமாக இருந்தது. புடவையோடு அதில் உட்கார்ந்து கொண்டையை அவிழ்த்துவிட்டாள்.

டிரம்மில் அடித்தண்ணீர் கிடந்தது. ஒரு வாளி தேறும். அடுத்த முறை குழாயில் தண்ணீர் வர இன்னும் நாலு நாள்.

அவர் பின்னால் வந்து நின்றார். வாளியின் வளையம் ஒருமுறை சத்தமிட்டு அடங்கியது.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"தொட்டுட்டேன். எனக்கும் ஊத்துங்க."