தூங்கிப் பார்த்து வாங்கவும்

"யாரும் எழுந்திரிக்க வேண்டாம். அப்படியே தூங்குங்க."

முகத்தில் சுற்றிய துணிக்குள்ளிருந்து வருவதுபோல் கரகரத்த, ஆனால் மரியாதையான குரல். தலைவர் அதைக் கேட்டபோது மெத்தைக் கடையில், மெத்தைமேல், கண்களைக் கறுப்புப் பட்டி மூடியிருக்க மல்லாந்து கிடந்தார். பக்கத்தில் மனைவி.

அந்தக் கடையின் வழக்கம் அது. வாங்குவதற்கு முன் யார் வேண்டுமானாலும் காலி மெத்தையில் கொஞ்ச நேரம் தூங்கிப் பார்க்கலாம். வெளிச்சத்தைக் குறைத்து, கண்ணுக்குப் பட்டி கொடுத்து, ஒலிபெருக்கியில் மழைச் சத்தம் போட்டுவிடுவார்கள். பெய்யாத அந்த மழையில் கட்டில்கள் படகுகளாகி மெல்ல மிதந்தன. தலைவர் ஓர் ஆற்றின் நடுவே போய்க்கொண்டிருந்தார். இரு கரையிலும் ஜனங்கள் நின்று கை தட்டினார்கள்.

கை தட்டலுக்குக் காரணம் இருந்தது. அன்று மாலை சமூகக் கூடத்தில் அவருடைய பேச்சு. கடைகளில் புகுந்து திருடுவது பெருகிவிட்டது. ஜனங்களோ நின்று பார்த்துவிட்டுப் போகிறார்கள். குடியிருப்போர் சங்கத் தலைவர் என்ற முறையில் அவரே யோசித்து ஒரு வாசகம் உண்டாக்கியிருந்தார்: 'வேடிக்கை பார்ப்பவன் பாதித் திருடன்.' அதைத் தன் காரின் பின்கண்ணாடியில் கொட்டை எழுத்தில் ஒட்டியிருந்தார். வாசகம் எடுபட்டால் அடுத்த முறையும் பதவி அவருக்குத்தான் என்று பேச்சு.

மழையினூடே கல்லா திறக்கும் ஓசை கேட்டது. கடைக்காரரையும் கண்பட்டி கட்டிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி நிற்கச் சொன்னது குரல்.

மனைவியின் முழங்கை தலைவரின் விலாவில் இடித்தது.

"என்னங்க, திருடன்."

"நான் தூங்கறேன்."

"பாய வேண்டாம். பட்டியை விலக்கி ஆளையாவது பாருங்க."

"தூங்கறேன்னு சொல்றேன்ல?"

கதவு தடாலென்று அறைந்து சாத்தப்பட்டது. அப்புறம் மழை மட்டும்தான். ஆற்றங்கரையில் ஒருவரையும் காணோம்.

"ஓடிட்டான், ஓடிட்டான்" என்று கடைக்காரர் கத்தி விளக்குகளைப் போட்ட பிறகே தலைவர் சோம்பல் முறித்து எழுந்தார். ஒரு கொட்டாவியும் விட்டார். அது கொஞ்சம் நீளமாகிவிட்டது.

ரோந்து வண்டி அப்போதுதான் தெருவில் திரும்பியிருந்ததால் இன்ஸ்பெக்டர் உடனே வந்துவிட்டார். பக்கத்துச் சந்தில் புகுந்திருப்பான் என்று ஆட்களை அங்கே விரட்டிவிட்டு, திருடனைப் பார்த்தது யார் என்று கேட்டார். கடைக்காரர் கண்பட்டியோடு சுவர்ப் பக்கம் நின்றதாகச் சொன்னார். தலைவர் தான் ஆழ்ந்த தூக்கத்தில் இருந்துவிட்டதாகவும், விழித்திருந்தால் கதையே வேறு என்றும் சொன்னார்.

"வீட்டுல இவர் தூங்கினா குறட்டை தெருக்கோடி வரைக்கும் கேக்கும்," என்றாள் மனைவி, யாரிடமும் இல்லை, மேலே சுற்றும் மின்விசிறியிடம். "இங்க மூச்சுவிடற சத்தத்தையே காணோம்."

இன்ஸ்பெக்டரின் பேனா நின்றது. மாலைக் கூட்டம், வாசகம், பதவி எல்லாம் அந்தப் பேனா முனையில் ஊசலாடின.

அப்போது பக்கத்து மெத்தையிலிருந்து ஒருவர் எழுந்து உட்கார்ந்தார். கண்பட்டியை நெற்றிக்கு ஏற்றி, கண்ணைக் கசக்கிக்கொண்டு, என்ன ஆயிற்று என்று விசாரித்தார். சொன்னார்கள்.

"அடடா, எனக்கு ஒண்ணுமே தெரியாதுங்க," என்றார் அவர். "சாரோட குறட்டை தாங்காமத்தான் இப்ப முழிச்சேன்."

தலைவரின் வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. மனைவி மட்டும் அந்த மனிதரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

இன்ஸ்பெக்டர் அவரிடம் எந்த ஊர், என்ன வேலை என்று தொடங்குவதற்குள் தலைவர் குறுக்கே விழுந்தார். "நம்ம ஆளுதான் சார். ரொம்ப வருஷப் பழக்கம். எங்க சங்கத்துக்கே தூண் மாதிரி."

இன்ஸ்பெக்டர் தலையாட்டினார். தூங்கியது ஒருவிதத்தில் நல்லதுதான் என்றார். "இந்த மாதிரி நேரத்துல யாரும் பாயவும் வேண்டாம், புடிக்கவும் வேண்டாம். ஆள் எப்படி இருந்தான்னு பாத்துச் சொன்னாப் போதும் சார்."

"எனக்குப் பாய்ஞ்சுதான் பழக்கம்," என்றார் தலைவர்.

தூக்கம் கெட்டதற்கு வருந்திய கடைக்காரர், அவரவர் தலைக்கு வைத்திருந்த தலையணையை அவரவரே எடுத்துப்போகச் சொன்னார். பக்கத்து மெத்தைக்காரர் வேண்டாம் வேண்டாம் என்று கூச்சப்பட்டார். தலைவர் விடவில்லை. நன்றி மறக்காதவர் அவர். அந்தத் தலையணையைத் தானே தோளில் போட்டுக்கொண்டு நடந்து, புது நண்பரைக் காரில் ஏற்றிப் பேருந்து நிலையத்தில் இறக்கிவிட்டார். இறங்கியவர் பின்கண்ணாடியை நின்று படித்தார்.

"பாதின்னு போட்டிருக்கீங்க பாருங்க, அதுதான் சார் நியாயம்," என்றார்.

மாலையில் கூடம் நிரம்பி வழிந்தது. பிற்பகல் சம்பவத்தைத் தலைவர் மென்மையாகத் தொட்டார். விழித்திருந்தால் அவன் தப்பியிருக்க முடியாது என்றபோது நாற்காலிகளுக்கு நடுவே இருந்த நடைபாதையின் இருபுறமும் கை தட்டல் எழுந்தது. அந்த நடைபாதை வழியே இன்ஸ்பெக்டர் வந்துகொண்டிருந்தார். அவருக்கும் ஒரு கை தட்டல் கேட்டு வாங்கிக் கொடுத்தார் தலைவர்.

மேடையேறிய இன்ஸ்பெக்டர் தன் செல்போனை அவர் முன் நீட்டினார். கடைக்குள்ளும் வாசலிலும் இருந்த கேமராக்களில் பதிந்த படம். கடைக்குள் எல்லாம் நீருக்கடியில் நடப்பதுபோல் மங்கலாக இருந்தது.

கதவைத் திறந்த திருடன், தெருவில் திரும்பும் ரோந்து வண்டியைக் கண்டு, அதைத் தடாலென்று சாத்திவிட்டு உள்ளேயே திரும்பி வந்தான். முகத்துணியை அவிழ்த்து, பணத்தைத் தலையணைக்குள் திணித்து, கண்பட்டி கட்டிக்கொண்டு தலைவருக்குப் பக்கத்து மெத்தையில் படுத்தான்.

"உங்க சங்கத்துத் தூணோட வீடு எங்க சார் இருக்கு?" என்று இன்ஸ்பெக்டர் தாழ்ந்த குரலில் கேட்டபோது, வாசல் கேமராப் படத்தில் தலைவர் அந்தத் தலையணையைத் தோளில் சுமந்துபோய்க் காரில் வைத்துக்கொண்டிருந்தார், கார் நகர்கையில் பின்கண்ணாடி வாசகம் ஓர் எழுத்து விடாமல் தெளிவாகத் தெரிந்தது.