அந்த ஒருத்தி

‘பாவி! வாயைத் திறந்துட்டாளே!’

மூத்த மருமகளுக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டன. கூடம் நிறையப் பெண்கள். நடுவில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாள், மார்க்கக் கல்வி படித்த ஆலிமா. முப்பதைத் தாண்டாத, அதிர்ந்து பேசாத பெண்.

அந்தி சாய்ந்து மஃரிபுக்குப் பாங்கு சொன்னால் ஹிஜ்ரி புது வருஷம் பிறந்துவிடும். அதற்குள் பழைய வருஷத்தைத் திரும்பிப் பார்த்து, இனி இப்படி நடப்போம் என்று ஆளுக்கொரு நல்ல நிய்யத் வைத்துக்கொள்ளத்தான் மாமியார் எல்லாரையும் வீட்டுக்கு அழைத்திருந்தார்.

“எனக்கு நல்லாத் தெரிஞ்ச ஒருத்தி. அந்த ஒருத்தியால விடியக்காலை சுபுஹுத் தொழுகைக்கு எழுந்திருக்கவே முடியாது,” என்றாள் ஆலிமா, தன் கைகளையே பார்த்தபடி. “வீட்டுல கேப்பாங்களேன்னு முகத்தை மட்டும் நனைச்சுக்குவா. தொழற முசல்லாவை விரிச்சு, அது மேலயே சுருண்டு தூங்கிடுவா. விஷயம் தெரியாம எல்லாரும், ‘தொழுதா அவளை மாதிரித் தொழணும்’னு உதாரணம் காட்டுவாங்க.”

பெண்கள் சிரித்தார்கள். மாமியார்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். “அல்லாஹ்வையே ஏமாத்தப் பாத்தாளா? நல்ல வேளை, என் மூத்த மருமக ஒரு வக்துத் தொழுகை விட்டதில்ல!”

மூத்தவள் பள்ளிச் சீருடை தைத்துக் கொடுப்பவள். வேலை குவிந்துவிட்டால் விடியற்காலையில் கண்ணைத் திறக்கவே முடியாது. அவள் முகத்தை நனைத்த கதையும் முசல்லாவில் தூங்கிய கதையும் இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும். எதிரே சுவரோரம் உட்கார்ந்திருந்த இளைய மருமகளுக்கு.

ஓரகத்திகள் என்றால் எலியும் பூனையும் என்பார்கள். இவர்கள் அப்படியில்லை, ஒரே தட்டில் சாப்பிடுவார்கள், நாத்தனாரைச் சேர்ந்தே கேலி செய்வார்கள். ஒருநாள் மூத்தவள் தன் குட்டைச் சொல்லிச் சிரிக்க, இளையவள் தன்னுடையதைச் சொல்லி அழுதாள். கரு கலைந்ததிலிருந்து அவளுக்குப் பயம். அடுத்தது தங்கிவிடாமல் இருக்க ஒளித்து ஒளித்து மாத்திரை சாப்பிடுகிறாள். கட்டிய புருஷனுக்குக்கூடத் தெரியாது.

“செத்தாலும் வெளிய சொல்ல மாட்டேன்க்கா. நீங்களும் சொல்லிடாதீங்க,” என்றாள் அன்றைக்கு.

அப்படிச் சொன்னவள்தான் இன்று மத்தியானம் அடுக்களையில் ஆலிமாவோடு குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தாள். மூத்தவள் உள்ளே நுழைந்ததும் இரண்டு பேரும் கப்சிப். இப்போதல்லவா புரிகிறது! நம்பவைத்துக் கழுத்தறுப்பது என்றால் இதுதான். மூத்தவளுக்கு நெஞ்சு பற்றி எரிந்தது.

இளையவள் அவள் முகத்தைப் பார்த்து, ‘என்னக்கா?’ என்பதுபோல் புருவத்தை உயர்த்தினாள். நடிப்பைப் பார், நடிப்பை!

நிய்யத் சொல்லும் நேரம் வந்தது. “போன வருஷமும் புறம்பேசக் கூடாதுன்னுதான் நிய்யத் வச்சேன்,” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. “இந்த வீட்டுக்கு டீ குடிக்க வந்தா எங்க முடியுது?” மறுபடியும் சிரிப்பு.

அடுத்தது மாமியார். “எனக்கென்ன பெருசா வேணும்? சின்னவ மடியில ஒரு புள்ளையப் பாத்துட்டாப் போதும். ஒவ்வொரு தொழுகையிலயும் அதைத்தான் கேக்குறேன்.”

எல்லாரும் ஆமீன் சொன்னார்கள். மூத்தவள் மட்டும் சொல்லவில்லை.

“துஆ மட்டும் போதாது மாமி. சின்னவளோட பீரோவுல, துணிக்கு அடியில மாத்திரை அட்டை இருக்கும். அதையும் கொஞ்சம் பாருங்க.”

“என்ன மாத்திரை?”

“புள்ள தங்காம இருக்கறதுக்கு.”

மாமியார் கையிலிருந்த தஸ்பீஹ் மணி நழுவி மடியில் விழுந்தது. “இத்தனை நாளா நான் யாருக்காகடி கையேந்துனேன்?” அவர் குரல் உடைந்தது.

இளையவள் அழவில்லை. “அக்கா, நீங்களா சொல்றீங்க?” என்று மட்டும் கேட்டாள்.

“ஏன், உனக்கு மட்டும்தான் வாய் இருக்கா? என் விஷயத்தைச் சபையில ஏத்துனப்ப இனிச்சுதா?”

“உங்க விஷயத்தை யாருக்கா சொன்னது?”

“முசல்லா, தூக்கம், நனைச்ச முகம்! ஒண்ணு விடாம ஆலிமா காதுல ஓதிட்டு, யாரு சொன்னதுன்னு என்னையே கேக்குறியா?”

மாமியார் மெல்லத் திரும்பி மூத்தவளைப் பார்த்தார். “அப்ப அது நீயாடி?”

அப்போதுதான் தன் வாயாலேயே தன் குட்டை உடைத்துக்கொண்டது மூத்தவளுக்கு உறைத்தது. உறைத்தும் என்ன, ஆத்திரம் அடங்கவில்லை. “எல்லாம் இவளாலதான்!”

ஆலிமா எழுந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது. “அக்கா, அவ உங்களைப் பத்திக் குறையா ஒரு வார்த்தை பேசல. மாத்திரை சாப்பிடறது பாவமான்னுதான் என்கிட்ட கேட்டா. வேற யாருக்குத் தெரியும்னு கேட்டேன். ‘எங்க அக்காவுக்கு மட்டும்தான். உயிரே போனாலும் அவங்க சொல்ல மாட்டாங்க’ன்னு சொன்னா.”

இளையவள் இருந்த பக்கம் மூத்தவளால் திரும்ப முடியவில்லை. ஆலிமாவையே பார்த்தாள்.

“அப்ப... நீங்க சொன்ன அந்த ஒருத்தி?”

வெளியே மஃரிப் பாங்கு ஆரம்பித்தது. ஆலிமா தலையைக் குனிந்துகொண்டாள்.

“நான்தான்க்கா.”