அட்டையில் அப்பா பெயர்

"ஏடி, அப்பாவுக்குத் தெரிஞ்சிருச்சுடி!"

சிங்கப்பூர் விமான நிலையத்தின் வைஃபையில் வாட்ஸ்அப்பைத் திறந்ததும் பவதாரிணியின் காதில் விழுந்த முதல் சேதி இதுதான். பேசியது அக்கா முத்துமீனா, வில்லாபுரத்து வீட்டு மொட்டைமாடியிலிருந்து.

"எப்படிக்கா? சென்னைக்கு டிரெயினிங் போறேன்னுதானே சொல்லிட்டு வந்தேன்?"

"நீ நம்மூரு ஏர்போர்ட்ல சிங்கப்பூர் பிளைட்டுக்குப் போனத நம்ம தெரு ஆட்டோ காசிமாயண்ணே பாத்திருக்காரு. நிச்சயத்துக்கு நாலு நாள்தான் இருக்கு, மாப்ள வீட்டுக்கு என்ன பதில் சொல்றதுன்னு அப்பா குதிக்கிறாரு. 'சிங்கப்பூர்ல நம்ம ஊர்க்காரன் எம்புட்டுப் பேரு இருக்கான், ஏர்போர்ட்லயே மடக்கி அடுத்த பிளைட்ல ஏத்துறேன்'னு போன் மேல போன் போடுறாரு. சூதானமா இருடி!"

பவதாரிணி சுற்றுமுற்றும் பார்த்தாள். பிளேன் ஏறியதிலிருந்து அடைத்திருந்த காது இப்போதுதான் திறந்தது, திறந்ததும் இது.

வழியெல்லாம் விரித்திருந்த கம்பளத்தைப் பார்த்து, செருப்பைக் கழற்ற வேண்டுமோ என்று தயங்கியவள் அவள். இவ்வளவு கூட்டத்தில் ஒருவர்கூடச் சத்தம் போட்டுப் பேசாதது வேறு பயமாக இருந்தது. பெயர் எழுதிய அட்டையோடு ஆஸ்பத்திரி டிரைவர் நிற்பார் என்று ஏஜென்ட் சொல்லியிருந்தார். மதியத்துக்குள் போய்ச் சேராவிட்டால் நர்ஸ் வேலை கைவிட்டுப் போகும்.

வெளியே வந்தாள். கம்பிக்கு அந்தப் பக்கம் வரிசையாக அட்டைகள். சீனப் பெயர், மலாய்ப் பெயர், ஏதோ ஹோட்டல் பெயர். பவதாரிணி என்ற பெயர் எங்கும் இல்லை. கடைசி அட்டையில் ஆங்கிலத்தில் கொட்டை எழுத்தில் ஆண்டிச்சாமி என்றிருந்தது.

அப்பா பெயர்!

பிடித்திருந்தவர் ஐம்பது வயது மீசைக்காரர். பார்த்தாலே நம்ம ஊர் முகம். பெட்டியை இழுத்துக்கொண்டு ஒரு தூணுக்குப் பின்னால் ஒண்டினாள்.

"அக்கா, ஆளு வந்துட்டாருக்கா! அப்பா பேர எழுதிக்கிட்டு நிக்கிறாரு!"

"நீ சட்டுன்னு ஆஸ்பத்திரி வண்டியில ஏறிரு!"

"அதத்தானக்கா காணோம்!"

ஒரு மணி நேரம் ஆயிற்று. ஏஜென்ட் போனை எடுக்கவில்லை. கூட்டம் கரைந்தும் அட்டைக்காரர் மட்டும் நகரவில்லை. இரண்டு முறை தூணை எட்டிப் பார்த்தார். பிறகு விறுவிறுவென்று நேராக அவளிடமே வந்தார்.

"ஏம்மா..."

"கிட்ட வராதீங்க!" அழுகை முட்டியது. ஆனாலும் வாழ்க்கையில் முதல் தடவையாகச் சொல்லிவிட்டாள். "நான் திரும்பி வர மாட்டேன். அந்த மாப்ளயக் கட்டிக்க மாட்டேன். இனிமே அவரு பேரே எனக்கு வேணாம்னு ஆண்டிச்சாமிகிட்ட போய்ச் சொல்லுங்க!"

மீசைக்காரர் மிரண்டுபோனார். "எந்த மாப்பிள்ளைம்மா? நான் ஆஸ்பத்திரி டிரைவர்" என்று கையிலிருந்த தாளை நீட்டினார். அதில் அவளுடைய போட்டோ இருந்தது.

"பாஸ்போர்ட்ல கடைசிப் பேரு என்னவோ, அதைத்தான் அட்டையில எழுதுவோம். வாங்க, மிஸ் ஆண்டிச்சாமி. இனிமே இங்க எல்லாரும் உங்கள இப்படித்தான் கூப்பிடுவாங்க."